இருபத்தெட்டாம் துளை

2011 பிப்ரவரி 19, சனிக்கிழமை, காலை 11.25. விடியற்காலையில் மூடுபனி இருந்தது, எட்டரைக்கு விலகிவிட்டது. பதினோரு மணிக்கு நிழலில் 21 டிகிரி. வடகிழக்கிலிருந்து லேசான காற்று. தாள் பறக்காமலிருக்க அதன் ஓரத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தாளில் "மேல் 42, கீழ் 42" என்று இருந்தது. கீழ் 41 என்று எனக்குத் தெரியும்.

இதைப் பதின்மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். சொல்ல வேண்டிய இடத்தில் அப்போதே சொன்னேன். அதற்கான விலையையும் கொடுத்தேன். முடிந்த கதை என்றுதான் இருந்தேன். போன ஜனவரியில் என் மகள் கவிதா, அபுதாபியில் இருப்பவள், நான் கையெழுத்துப் போட்ட அந்தப் பாலைவனச் சோலைக்கே என்னை அழைத்துப் போனாள். அங்கே நடந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சர்வேயர் சங்க மலருக்கு "உங்கள் அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார்" என்று என்னிடம் வேலை கற்ற இளங்கோ நான்கு முறை போன் செய்துவிட்டான். எழுதுகிறேன். அவனுக்கும் இதில் இரண்டு வார்த்தை இருக்கிறது.

சோலையின் பெயரை எழுதவில்லை. ஓமான் எல்லையை ஒட்டிய மலைகளுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அது போதும். அந்தக் காலத்தில் அபுதாபியிலிருந்து போக நான்கு மணி நேரம் ஆனது, கடைசி 31 கிலோமீட்டர் சரளைக்கல் பாதை. இப்போது தார் ரோடு, நுழைவுச்சீட்டு, காப்பிக்கடை எல்லாம் இருக்கின்றன. எங்கள் குழுவில் 17 பேர். வழிகாட்டி முப்பது வயது மலையாளி, நல்ல ஆங்கிலம் பேசினார். கல்லறை மேடுகளைக் காட்டினார், மண்கோட்டையைக் காட்டினார். கடைசியில் ஒரு பலகையின் முன் நிறுத்தினார். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய நிலத்தடிக் கால்வாய், 42 துளைகள், ஆகாயவழி அளவையில் உறுதி செய்யப்பட்டது என்று பலகையில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் ஒரு வேடிக்கைக் கதையும் சொன்னார்.

"இதைச் சீரமைத்தபோது ஒரு கூலியாளை உள்ளே அனுப்பி எண்ணச் சொன்னார்களாம். அவனுக்கு எண்ணத் தெரியாது. பேரீச்சங்கொட்டையை வைத்து எண்ணியிருக்கிறான். வெளியே வந்து 41 என்றானாம். நடுவில் ஒரு பழத்தைத் தின்றுவிட்டான் போலிருக்கிறது!"

பதினாறு பேர் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள், அவளுக்குத் தெரியாது.

"அவன் எண்ணியது சரி" என்றேன்.

"சார்?"

"41 சரி. பலகைதான் தப்பு."

"சார், ட்ரோன் வைத்து எடுத்திருக்கிறார்கள்" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதைப் போல.

கவிதா என் முழங்கையைப் பிடித்தாள். "அப்பா, விடுங்கப்பா. ஊர் சுத்திப் பாக்க வந்துட்டு சண்டை போடுவீங்களா?"

நான் விடவில்லை. இங்கேயும் விடப்போவதில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் பாலிடெக்னிக், மூன்று வருடம். பஹ்ரைனில் ஐந்து வருடம்; குதைபியாவில் ஓர் அறையில் ஒன்பது பேராக இருந்தோம், கழிப்பறை ஒன்று. பிறகு ஜித்தாவில் நான்கு வருடம். 1992-இல் அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சர்வேயராகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் சிவஞானம். யாழ்ப்பாணத்துக்காரர், இலங்கையில் நில அளவைத் துறையில் இருந்துவிட்டு வந்தவர். பாலிடெக்னிக்கில் நான் படித்தது என்ன என்று இன்று கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. சிவஞானத்திடம் படித்ததை வரிசையாகச் சொல்வேன்.

அவர் வெயிலில் தொப்பி போட மாட்டார், குடை பிடிப்பார். நாற்பத்தைந்து டிகிரியிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். மதியம் 12.10-க்குச் சாப்பிடுவார், 12.09-க்கு டிபன் பாக்ஸைத் தொட மாட்டார். யாரையும் திட்டியதில்லை. நாங்கள் அளவுகளை எழுதும் ஃபீல்ட் புக்கை வாங்கிக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போவார். ஓர் இடத்தில் விரல் நிற்கும். அந்த விரல் நின்றால் அங்கே தப்பு இருக்கும்.

லெவல் எடுக்கும் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உயரம் தெரிந்த ஓரிடத்தில் தொடங்கி, அளந்துகொண்டே போய், வேறு வழியாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். போகும்போது ஏறியதும் வரும்போது இறங்கியதும் சமமாக வர வேண்டும். வந்தால் கணக்கு மூடியது என்போம். சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு அனுமதி உண்டு. அதற்கு மேலே போனால் எங்கோ தப்பு. அந்தத் தப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வரிகளுக்கும் பங்கு போட்டு மறைக்க எல்லா சர்வேயருக்கும் தெரியும். சேர்ந்த முதல் வருடம் நானும் அப்படிச் செய்தேன். 14 மில்லிமீட்டர். விரல் நின்றது.

"தம்பி, இது மூடேல்லையே."

"லேசான வித்தியாசம்தான் சார்."

"எத்தினை கிலோமீட்டர் நடந்தனீர்?"

"ஆறு சார்."

"அப்ப இன்னுமொருக்கா ஆறு நடவும். சாப்பிட்டிட்டுப் போம்."

அவரிடம் இன்னொரு விதி, ரப்பர் கூடாது. தவறாக எழுதினால் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். "ரப்பர் கொண்டு திரியிறவன் சர்வேயர் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளை" என்பார். பத்தொன்பது வருடத்தில் நான் 212 ஃபீல்ட் புக் நிரப்பினேன். ஒன்றில்கூட ரப்பர் படவில்லை. கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் ஃபீல்ட் புக்கில் சேராது, தனித் தாள். அது எனக்கு ஆறுதல் இல்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

சோலைக்கு நாங்கள் போனது 2010 டிசம்பரில். அந்தக் கால்வாயை அங்கே ஃபலஜ் என்பார்கள். மலையடிவாரத்தில் ஒரு தாய்க்கிணறு. அங்கிருந்து மண்ணுக்கடியில், ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வெட்டிய கால்வாய், 912 மீட்டர் போய்ப் பேரீச்சந்தோப்பில் வெளியே வருகிறது. இவ்வளவு நீளத்துக்கும் மொத்தச் சரிவு 1.37 மீட்டர்தான். கொஞ்சம் கூடியிருந்தால் தண்ணீர் மண்ணை அரித்திருக்கும்; குறைந்திருந்தால் தேங்கியிருக்கும். நான் மெஷின் வைத்து இரண்டு நாளில் இதைக் கண்டுபிடித்தேன். மெஷின் இல்லாத காலத்தில் அவர்கள் எதை வைத்து இப்படி வெட்டினார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. வழிநெடுக ஏறக்குறைய 22 மீட்டருக்கு ஒன்றாகத் தரையிலிருந்து கால்வாய்க்கு இறங்கும் துளைகள், குறுகலான கிணறு மாதிரி. வெட்டியவர்கள் அவற்றின் வழியாகத்தான் மண்ணை மேலே எடுத்தார்கள், மூச்சு விட்டார்கள். அவை ஒரே நேர்கோட்டில் இல்லை, மூன்று நான்கு மீட்டர் அங்குமிங்கும் விலகி இருக்கும். தோப்புப் பக்கமிருந்து எண் போட்டோம், 1 முதல் 42 வரை.

வேலை, கால்வாயில் நிறைந்திருந்த வண்டலை எடுத்துத் தண்ணீரை மறுபடி ஓடவிடுவது. உள்ளே ஆள் போக வேண்டும். அதற்கு முன் சிவஞானம் ஒரு முறை வைத்தார். மேலே ஒருவர் துளைகளை எண்ண வேண்டும். உள்ளே ஒருவர் தவழ்ந்துபோய்த் தலைக்கு மேல் தெரியும் வெளிச்சங்களை எண்ண வேண்டும். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். "உள்ளுக்குப் போறவனுக்கு அதுதான் வாசல். வாசல் எத்தினை எண்டு தெரியாமல் ஆரையும் இறக்கேலாது" என்றார்.

மேலே எண்ணியது நான். மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் 42. உள்ளே போனது முனியசாமி. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், நாற்பது வயது, மெலிந்த உடம்பு. ஊரில் கிணறு வெட்டப் போனவன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருட்டில் தவழும்போது வாயால் எண்ணினால் விட்டுப்போகும் என்று அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். இடது பையில் ஐம்பது பேரீச்சங்கொட்டை. ஒவ்வொரு வெளிச்சத்துக்குக் கீழேயும் நின்று ஒரு கொட்டையை வலது பைக்கு மாற்றினான். தாய்க்கிணற்றில் இறங்கித் தோப்பில் வெளியே வர 2 மணி 10 நிமிடம். உடம்பெல்லாம் சேறு. வலது பையை ஒரு சாக்கில் கொட்டி எங்கள் முன்னால் எண்ணினோம்: 41. இடது பையில் ஒன்பது. கூட்டினால் ஐம்பது. ஒன்றும் தின்னவில்லை.

அடுத்த நாள் எதிர்த்திசையில் போனான். மறுபடி 41.

எதில் வித்தியாசம் என்பதும் தெரிந்தது, 28-இல். மற்றத் துளைகளில் மேலிருந்து கூப்பிட்டால் உள்ளேயிருந்து குரல் வரும். 28-இல் வரவில்லை. அதன் பக்கத்துத் துளைகளின் ஆழம் ஒன்பதே கால் மீட்டருக்கு மேல். 28 ஆறு மீட்டர் பத்து சென்டிமீட்டரில் மணலாக நின்றது. மணல் அடைத்திருக்கிறது, அதனால் வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தோம். முனியசாமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"மணல் அடைச்சிருந்தா உள்ள குமிஞ்சு கெடக்கணும் சார். அங்கன ஒரு பிடி மணல் இல்ல. முகட்டத் தட்டிப் பாத்தேன், கல்லு. இருபத்தொம்பதுக்கும் இருபத்தேழுக்கும் நடுவுல ஒரே இருட்டு. வாசலே கெடையாது சார் அங்க."

இதை அவன் எங்களிடம் மூன்று முறை சொன்னான். கிணறு வெட்டியவன் சொல்கிறான், முகட்டைத் தட்டிப் பார்த்தவன் சொல்கிறான். டிப்ளமா படித்த நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

ஃபீல்ட் புக்கில் 63-ஆம் பக்கத்தில் எழுதினேன்: "மேல் 42. கீழ் 41. மூடவில்லை. 28 தெரியாது." சிவஞானம் படித்தார். விரல் நிற்கவில்லை. "இது சரி. மண்ணைக் கையாலை எடுக்கட்டும். அடியிலை என்ன இருக்கெண்டு கண்டபிறகு எழுதுவம்" என்றார்.

கையால் எடுக்கப் பன்னிரண்டு நாள் ஆகும். ஒன்பது நாளில் பெரிய மனிதர்கள் யாரோ தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வருவதாக இருந்தது. பழம்பொருள் இலாகாவின் விதி தெளிவானது. கால்வாயோடு சேர்ந்த துளை என்று உறுதியானால் சிறிய உடைப்பு மெஷினை வைத்து அடைப்பை எடுக்கலாம். "தெரியாது" என்றால் மெஷின் கூடாது, உள்ளேயும் ஆள் இருக்கக் கூடாது. ஆக எல்லாம் அந்த உறுதியை எழுதித் தரும் ஒரு தாளில் நின்றது.

ப்ராஜெக்ட் மேனேஜர் லாகூரோ டில்லியோ, நான் கேட்டதில்லை. எல்லோரோடும் இந்தியில் பேசுவார். இரண்டு போன், இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்கும். அவர் முதலில் சிவஞானத்திடம் போனார். சிவஞானம் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாளை முழுவதும் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"நான் வைக்க மாட்டன்."

"அரே பாய், ஒரு ஓட்டைக்கு இவ்வளவு பேச்சா? அந்த ஆளுக்கு எண்ணத் தெரியாது. நாற்பத்திரண்டு போடு, கலாஸ், முடிந்தது."

"அவனுக்கு எண்ணத் தெரியும். ரெண்டு தரம் எண்ணினவன்."

மேனேஜர் தாளை என்னிடம் நீட்டினார். "நீ போடு. சோதித்தவர் என்று உன் பெயர் போதும். உன் விசா ரின்யூவல் என் மேஜையில்தான் இருக்கிறது."

கவிதா அப்போது இஞ்சினியரிங் மூன்றாம் வருடம். நான் சிவஞானத்தைப் பார்த்தேன். அவர், "நீர் வைச்சால் அது உம்மட பாடு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு லெவல் மெஷின் இருந்த பக்கம் நடந்துவிட்டார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாகக் கைவிட்டதில்லை. மணி 11.25.

கேம்ப்பில் அன்று மாலையே முனியசாமிக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. சாப்பாட்டு வரிசையில் கேட்டேன். "ஏய் நாப்பத்தொண்ணு, தட்டு எத்தன இருக்குன்னு எண்ணிச் சொல்லுடா. ஒண்ணக் கொறச்சுச் சொல்லு, ஒனக்குத்தான் சோறு கெடைக்காது!" அவன் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்தான். "சொன்னா நம்ப மாட்டீங்க, திங்கும்போது தெரியும்" என்றான். வரிசையில் பதினோராவதாக நான் நின்றிருந்தேன்.

பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை. 28-இல் எண்பது சென்டிமீட்டர் மணலை எடுத்ததும் பாறை வந்தது. பாறை வந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். "மேலே ஓடு மாதிரி இறுகியிருக்கும், உடை, ஜல்தி" என்றார் மேனேஜர். தாளில் சேர்ந்த துளை என்று இருந்ததால் மெஷின் வந்தது. தாளில் கணக்கு மூடியிருந்ததால் உள்ளேயும் ஆள் இருந்தான். 27-க்கு அப்பால் வண்டல் அள்ளிக்கொண்டிருந்தவன் முனியசாமி. மதியம் 2.15-க்கு மெஷின் அதிர்வில் கால்வாயின் முகடு அவன் மேல் இறங்கியது.

அவனை 27 வழியாக மேலே எடுக்க 1 மணி 50 நிமிடம் ஆனது. நினைவோடு இருந்தான். கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கியபோது என்னைப் பார்த்தான். இடது பாதத்தை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு வெளிநாட்டு அம்மாள், தொல்லியல் படித்தவர், இரண்டு பக்கமும் இறங்கிப் பார்த்தார். 28 யாரும் அடைத்த துளை அல்ல. மூவாயிரம் வருடத்துக்கு முன் வெட்டியவர்களே ஏழு மீட்டர் இறங்கிப் பாறை கண்டதும் விட்டுவிட்ட துளை. உளித்தழும்பு அந்தப் பாறையோடு நிற்கிறது. கால்வாய் அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டு மூன்றரை மீட்டர் தள்ளிப் போகிறது. ஆக மேலே நான் எண்ணியது சரி, உள்ளே முனியசாமி எண்ணியதும் சரி. ஐந்து எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தப்பில்லை. இரண்டையும் ஒன்றாக்கிய என் கையெழுத்து ஒன்றுதான் பொய். பாறையைக் கண்டதும் நிறுத்த வேண்டும் என்று அந்தப் பழங்காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை.

கம்பெனி அறிக்கை எழுதியது. ஆறு வரி. நான்காவது வரி: தொழிலாளியின் தவறான எண்ணிக்கையால் 28-ஆம் துளை குறித்துக் குழப்பம் ஏற்பட்டு, அதனால் கூடுதல் வேலை தேவைப்பட்டது. ஆதாரமாக என் கையெழுத்துள்ள தாளை இணைத்திருந்தார்கள். எனக்கு அதன் நகலைக் காட்டியவன் அலுவலகத்தில் இருந்த ஒரு பையன்கூட இல்லை, மேனேஜரே காட்டினார். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்கிற முகத்தோடு.

மார்ச் 2, புதன்கிழமை மாலை மருத்துவமனைக்குப் போனேன். ஆறு கட்டில் வார்டு, அவனுடையது நான்காவது. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான்.

"நாளைக்குள்ள இதுல கையெழுத்துப் போடணுமாம் சார். போட்டா டிக்கெட் எடுத்துக் குடுத்து ஊருக்கு அனுப்பிருவாங்களாம். இங்கிலீசுல இருக்கு. என்ன போட்டிருக்கு?"

படித்துச் சொன்னேன். என் தவறால் விபத்து நடந்தது, எனக்கு எந்த நஷ்டஈடும் கோர உரிமையில்லை என்று இருந்தது.

அவன் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "என் தப்புன்னா... எது சார் என் தப்பு? எண்ணுனதா?"

"ஆமா."

"தப்பா எண்ணிட்டேன்னு எழுதியாச்சா?"

"ஆமா."

"நீங்களுமா சார் எழுதுனீங்க?"

நான் ஆமாம் என்றேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ரெண்டு தடவ தவந்து போனேன் சார். முழங்கை தோலு போச்சு. ரெண்டு தடவயும் ஒங்க முன்னாடிதான கொட்டி எண்ணுனேன்? நீங்கதான கூட்டி அம்பதுன்னு சொன்னீங்க?" காகிதத்தை என் பக்கம் நகர்த்தினான். "நீங்க படிச்சவரு. சொல்லுங்க, போடவா?"

"போடாதே" என்றேன். "நாளைக்கு மத்தியானம் வரை யார் வந்து கேட்டாலும் போடாதே."

நேரே சிவஞானத்தின் அறைக்குப் போனேன். மறுநாளுக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி, "என்ன செய்யலாம் சார்?" என்று கேட்டேன்.

"அறுபத்திமூண்டாம் பக்கம் ஆற்றை பையிலை இருக்கு?"

"என் பையில்தான் சார்."

"பேனை?"

"இருக்கு."

"பிறகேன் என்னட்டை வந்தனீர்?" காலர் பக்கத்தைத் திருப்பிப் போட்டார். "பிழையா எழுதினதை என்ன செய்யச் சொல்லித் தந்தனான்?"

ஒரே கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, பெயர் போட வேண்டும். எழுதினேன். ஒன்றரைப் பக்கக் கடிதம். மேலே 42, கீழே 41 என்று தெரிந்தே நான் 42 என்று பொய்யாகக் கையெழுத்திட்டேன். இந்தத் தொழிலாளியின் எண்ணிக்கை இரண்டு முறையும் சரி. 63-ஆம் பக்கத்தின் நகல் இணைப்பு. மறுநாள் வியாழக்கிழமை காலை 7.30-க்குத் தொழிலாளர் துறை அலுவலகத்தின் வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் 23 பேர். ஒன்பது மணிக்குத் திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் பத்தாவது ஆளாக, மடித்த குடையோடு, இஸ்திரி போட்ட சட்டையில் சிவஞானம் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அதிகாரி முன்னால் அவர் பேசியது ஒரு வாக்கியம்தான்: "இந்தப் பக்கம் எழுதேக்கை நான் பக்கத்திலை நிண்டனான்." மொழிபெயர்த்தவர் ஒரு தடவை சொல்லிவிட்டு, சரிதானா என்று அவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

வழக்கு ஏழு மாதம் நடந்தது. தொழிலாளியின் தவறு அல்ல என்று தீர்ந்தது. முனியசாமிக்கு நஷ்டஈடு கிடைத்தது. எவ்வளவு என்பது அவன் விஷயம், நான் எழுத மாட்டேன். இப்போது பரமக்குடி ரோட்டில் சிமென்ட் கடை வைத்திருக்கிறான். செயற்கைப் பாதம். மூட்டை இறக்கும்போது அவனே நின்று எண்ணுகிறான். சிவஞானம் மே மாதத்தில் வேலையை விட்டுவிட்டுக் கனடாவில் மகனிடம் போனார்.

இனி இளங்கோவுக்கு. போன மாதம் பேசும்போது அவன் சொன்னான்: "சார், இப்ப ட்ரோன் விட்டா இருபது நிமிஷத்துல 42-ம் கிடைச்சிடும். நீங்க மூணு தடவ நடந்தீங்க!" சந்தோஷமாகச் சொன்னான். தம்பி, ட்ரோன் மேலே பறக்கிறது. மேலேயிருந்து யார் பார்த்தாலும் 42-தான், நானே பார்த்தேன். ட்ரோனுக்கு முதுகு வலிக்காது, ஆனால் அது குனியவும் குனியாது. உள்ளே போய் முகட்டைத் தட்டி "இங்கன கல்லு சார்" என்று சொல்ல யாரை வைத்திருக்கிறீர்கள்? கீழ்க் கணக்கு எடுக்க ஆளில்லாமல் மேல் கணக்கை மட்டும் எடுத்து, அதற்கு "உறுதி செய்யப்பட்டது" என்று பெயர் வைக்கிறீர்கள். அந்த அம்மாள் எழுதிக் கொடுத்த குறிப்பு எங்கே போனது? நீதிமன்றம் ஏற்ற 63-ஆம் பக்கம் எங்கே போனது? நான் பொய்யென்று எழுதிக் கொடுத்த தாள் மட்டும் எப்படி ஃபைலில் பத்திரமாக இருந்து பலகைவரை வந்தது?

ஜனவரியிலிருந்து அந்த இடத்தை நடத்துகிறவர்களுக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, மீண்டும் வருக என்று. ஆர்வமா? ஒரு மனிதன் இருட்டில் 912 மீட்டர் இரண்டு முறை தவழ்ந்து, சரியாக எண்ணி, அதற்காகப் பாதத்தைக் கொடுத்திருக்கிறான். அவனைத் தினமும் ஐந்து குழுக்களுக்கு முன்னால், பழம் தின்ற முட்டாள் என்று நிறுத்துகிறார்கள். சீட்டு வாங்கியவர்கள் சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறார்கள். ஐந்தாவது மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பலகையில் 41 என்று மாற்றும்வரை எழுதுவேன். மாற்றும்போது எண்ணியவன் பெயரையும் போடச் சொல்வேன்: முனியசாமி.

மகளிடம் அன்று காரில் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவள் கேட்டாள்: "அந்தக் கடுதாசி குடுத்ததுனால உங்களுக்கு எவ்வளவுப்பா போச்சு?" அப்போது நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டாள், அதனால் எழுதுகிறேன். பொய் ஆவணத்தில் கையெழுத்திட்டவன் என்று, என் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டி, பதினொரு நாளில் வெளியே அனுப்பினார்கள். அதில் பொய் இல்லை, நான் வழக்குப் போடவில்லை. கிடைக்காமல் போன பத்தொன்பது வருடப் பணிக்கொடை, அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 124 திர்ஹம் வீதம் 525 நாளுக்கு, 65,100. கம்பெனி தர வேண்டிய ஊர் டிக்கெட்டை நானே வாங்கியது 640. மொத்தம் 65,740 திர்ஹம்.